ஆற்றின் தலைமாட்டில் ஒரு தங்கல்

தோப்பூரில் ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் கொட்டியாரக் குடாவின் அக்கரைக்குப் போகவேண்டும். முன்பெல்லாம் மூதூர் இறங்குதுறையில் லோஞ்சு பிடித்தால் குடாவைக் குறுக்கே வெட்டித் திருகோணமலையில் இறங்கிவிடலாம். கடல் புரளுகிற வாடைக்காலத்தில் பஸ்தான் கதி. கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று வரிசையாகக் குறுக்கிடும் நீர்த்துறைகளில் ‘பாதை’ என்கிற மிதவை வரும்வரை காத்திருந்தே ஒரு பகல் கழிந்த காலம் உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மற்றப் பாலங்களும் வந்தன. இப்போது மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தோப்பூரில் பஸ் ஏறினால், இரவு ரயிலுக்கு ஆறுதலாகத் திருகோணமலை நிலையத்தில் நிற்கலாம்.

நாங்கள் போக இருந்த ஊர் பதுளை. கூட வந்த பெரியவரை அண்ணன் முறையில் காக்கா என்பேன். எழுபதைக் கடந்தவர். அல்லை வாய்க்காலின் தண்ணீரில் ஆயுள் முழுக்க வயல் செய்தவர். பதுளையில் கடை வைத்திருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். வழியில் ஹட்டனில் இறங்கி ஓர் இரவு தங்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை. மலைநாட்டை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நான் குடிச்ச தண்ணியும் எண்ட வயல் குடிச்ச தண்ணியும் எங்க இருந்து புறப்படுது எண்டு ஒருக்காப் பாக்கணும் தம்பி. அதுக்குப் பொறகு மவன்ட ஊட்ட போவம்” என்றார்.

தோப்பூரின் வயல்களுக்குத் தண்ணீர் மாவிலாற்று அணைக்கட்டிலிருந்து அல்லை வாய்க்கால் வழியே வருகிறது. மாவிலாற்றுக்கு வெருகலாறு தருகிறது. வெருகலாறு மகாவலியின் கிளை. மகாவலியோ ஹட்டன் மேட்டிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் ஊறி, 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்விலும் எழுதிவிடுவார்கள். ஆற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கப் போனவர்கள் குறைவு. கிழக்கின் கரையில் இருக்கும் நமக்கு மலையகம் இன்னும் தேயிலைப் பெட்டியின் மேல் அச்சான படம்தான். அந்தப் படத்துக்குள் இறங்கி ஒரு நாளாவது நின்று வரவேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கரையிலிருந்து மலைக்குப் போன ஒரு பயணத்துக்கு மூன்றரை நூற்றாண்டுக்கு முந்திய எழுத்துச் சாட்சி இருக்கிறது. 1660இல் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கரையிறங்கிய கப்டன் ரொபர்ட் நொக்ஸையும் அதே பெயர் கொண்ட மகனையும் இன்னும் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் மறு வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் பத்தொன்பது வருடத்துக்கு மேல் மலைநாட்டில் கிடந்தார். தொப்பி பின்னினார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், ஊர் ஊராகப் பொருள் சுமந்து விற்றார். 1679இல் அநுராதபுரக் காட்டுவழியே தப்பி மன்னாருக்கு அருகே அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் அச்சான அவருடைய நூலை இன்றைக்கும் வரலாற்றாசிரியர்கள் புரட்டுகிறார்கள். மூதூரில் அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் இடத்துப் புளியமரத்தை வெள்ளைக்காரன் மரம் என்பார்கள். நொக்ஸ் விரும்பாமல் போன வழியை நாங்கள் விரும்பிப் போனோம். அவர் காட்டையும் மலையையும் நேரே கடந்தார். எங்களுக்கு ரயில், குருநாகல் பக்கமாக ஒரு பெரிய வளைவு போட்டது.

திருகோணமலைக்குத் தண்டவாளம் வந்தது 1927இல். நிலையத்தை விட்டதும் சீனக்குடா. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் பற்றைக்காட்டுக்குள் நிற்கின்றன. அதற்கப்பால் தம்பலகாமத்து வயல்வெளி, பிறகு கந்தளாய். அதுவரை ஓயாமல் கதைத்துவந்த காக்கா, கந்தளாய் நிலையத்தில் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார்.

2006 ஜூலையில் மாவிலாற்று மதகு பூட்டப்பட்டது. விடுதலைப் புலிகள் பூட்டிய அந்த மதகுக்குக் கீழே ஏறத்தாழ 15,000 குடும்பங்களின் தண்ணீர் நின்றுபோனதாக அப்போது சொன்னார்கள். விமானங்கள் குண்டு போட்டன. நாலாவது ஈழப்போர் என்று பின்னால் பெயர் பெற்ற சண்டை அந்த மதகில்தான் மூண்டது. ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூருக்குள் செல் விழுந்தது. மூதூர், தோப்பூர் முஸ்லிம் குடும்பங்கள் கிளம்பிக் கால்நடையாகவும் கிடைத்த வாகனத்திலும் வந்து சேர்ந்த இடம் இந்தக் கந்தளாய். சம்பூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஈச்சிலம்பற்று, வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஓடின. ஆற்றின் கடைவாயில் ஒரு மதகைச் சுற்றி இத்தனை நடந்தபோது, ஆறு புறப்படுகிற மலையில் மழை வழக்கம்போலப் பெய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

கல்லோயாச் சந்திக்கு முன்னும் பின்னும் ரயில் மெதுவாகப் போனது. யானைக் காடு. 2025 பெப்ரவரியில் இந்தப் பகுதியில் மட்டக்களப்பு ரயில் ஒரு யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. நாங்கள் போனது அந்த வருடத்து ஏப்ரலில். பெட்டியில் எல்லோருடைய வாயிலும் அந்த ஆறு யானைகளின் கதைதான். அதன் பிறகு மாகோ, குருநாகல் எல்லாம் தூக்கத்தில் போயின.

நள்ளிரவு தாண்டிப் பொல்கஹவெலயில் இறங்கினோம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் பாதை கண்டிப் பாதையோடு கூடுமிடம் அது. இரவு அஞ்சல் ரயிலில் கிழக்கிலிருந்து வந்து மலைக்குப் போகிறவன் அங்கே விடியும்வரை வாங்கில் உட்காரவேண்டும். இது சின்ன விஷயமில்லை. கைக்குழந்தையோடு ஒரு தாய் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிழக்கிலிருந்து வரும் ரயிலும் மலைக்குப் போகும் ரயிலும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும்படி நேர அட்டவணை போட முடியாதா என்று அன்று யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். திருகோணமலை மாவட்டத்தில் மலையகத்தில் வேர் உள்ள குடும்பங்கள் கொஞ்சமல்ல. 1977 கலவரத்தில் அடிபட்டுத் தோட்டத்து லயத்தை விட்டு வன்னிக்கும் கிழக்குக்கும் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். சாவுக்கும் சடங்குக்கும் அவர்கள் போய்வருகிற வழி இது.

காலையில் கொழும்பிலிருந்து வந்த பொடி மெனிக்கே ரயிலில் ஏறினோம். றம்புக்கனைக்குப் பிறகு தண்டவாளம் ஒற்றை. ரயில் அலகல்ல மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. ஏற்றம் 44 அடிக்கு ஓரடி. ஒரு பக்கம் நனைந்த பாறை, மறுபக்கம் கால் கூசும் பள்ளம், எதிரே தட்டையாக நிற்கும் பைபிள் பாறை. காக்கா சாளரத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். தோப்பூரில் உயரம் என்று எதுவும் இல்லை. வாய்க்கால் கட்டில் ஏறினால் அதுவே மேடு.

வெள்ளைக்காரன் இந்த மலையில் தண்டவாளம் போட்டது கோப்பிக்காக. கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறக்குவதற்குள் வாரங்கள் கழிந்தன, மாடுகள் செத்தன. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. அதே வருடம் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. 1874இல் தண்டவாளம் நாவலப்பிட்டிக்கு வந்து, பத்து வருடம் அங்கேயே நின்றது. கோப்பி சாகச் சாக, மேலே ரயில் விடக் காசு எங்கே என்று அரசாங்கம் தயங்கியது. தோட்டத் துரைமார் விடாமல் கேட்டார்கள். 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. அதற்குள் மலைச் சரிவெல்லாம் தேயிலையாகிவிட்டது. கோப்பிக்கென்று தொடங்கிய பாதை தேயிலையைச் சுமக்கத்தான் மேலே போய்ச் சேர்ந்தது. பதுளையை அது எட்டியது 1924இல்.

இந்தக் கணக்கில் எழுதப்படாமல் போனது ஆள்கணக்கு. கம்பளைக்குப் பக்கத்தில் சின்னாப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் போட்டதோடு தொடங்குகிறது தென்னிந்தியத் தொழிலாளரின் வருகை. அது 1823 என்று கொண்டு, 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர் நடந்த வழி அது. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழிநெடுக விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு முழுக் கணக்குக் கிடையாது.

பேராதனையில் மகாவலியைக் கடந்து, கண்டிக்குள் போய்த் திரும்பி வந்தது ரயில். அதன் பிறகு ஆறும் தண்டவாளமும் கம்பளை, நாவலப்பிட்டி வரை விட்டுவிட்டுச் சேர்ந்தே போகின்றன. ஆறு முதலில் கண்ணில் பட்டதும் காக்கா எழுந்து நின்றுவிட்டார்.

“இதா?”

“இதுதான் காக்கா.”

“இவ்வளவு சின்னனாவா கிடக்கு!”

எங்கள் ஊர்ப் பக்கம் மாரியில் மகாவலி ஒரு கரையிலிருந்து மறுகரை தெரியாமல் விரிந்து கிடக்கும். இங்கே கல்லைத் தாண்டிக் குதிக்கும் ஓடை போலத்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் அதற்காக மனம் சுருங்கவில்லை. பெற்ற பிள்ளையின் குழந்தைக்காலப் படத்தை யாரோ கொண்டுவந்து காட்டிய முகம் அவருடையது.

நாவலப்பிட்டி மலைப் பாதையின் வாசற்படி. நீராவிக் காலத்தில் ரயிலைத் தள்ள இன்னொரு எஞ்சின் இங்கேதான் பூட்டுவார்கள். அதற்காகவே எஞ்சின் கொட்டகையும் அதில் வேலை செய்பவர்களுமாக வளர்ந்த ஊர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடாமல் இருக்க, நிலையத்துக்கு நிலையம் ஒரு வட்டத் தகட்டைப் பெரிய வளையத்தில் கோத்து, சாரதியின் கையில் கொடுக்கிறார்கள். அந்தத் தகடு கையில் இல்லாமல் ரயில் நகராது. நூறு வருடம் கடந்த ஏற்பாடு இன்றும் மலைப்பாதையில் உயிரோடு இருக்கிறது. நிலைய அதிபர் வெள்ளை உடுப்போடு மேடையின் விளிம்பில் நின்று வளையத்தை நீட்ட, சாரதியின் உதவியாள் கையை உள்ளே விட்டு வாங்குவதைப் பார்ப்பதற்கென்றே சாளரத்துப் பக்கம் இருக்கவேண்டும். இந்த மேடைகளில் பெயர்ப்பலகைகள் நிலையத்தின் உயரத்தையும் சொல்லும். காக்கா ஒவ்வொன்றையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

பனிப்புகை கட்டியிருந்த ஒரு முற்பகலில் ஹட்டனில் இறங்கினோம். கடல்மட்டத்துக்கு மேலே 4,000 அடியைத் தாண்டிய இடம். பெட்டியை விட்டுக் கால் கீழே வைத்ததும் குளிர் கணுக்காலில் ஏறியது. அந்த ரயிலில் எங்களோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளில் இறங்கியவர்கள் சிலர்தான். முதுகில் பெரிய பைகளோடு மலையேற வந்தவர்கள். மற்றவர்கள் எல்லவுக்குப் போகிறார்கள், ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகிறார்கள். வாசலில் தொங்கிப் படம் எடுப்பதற்காகவே இந்த ரயிலுக்கு உலகம் முழுக்கப் பெயர். முன்பதிவு ஆசனங்கள் திறந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அப்படியானால் தோட்டத்துச் சனம் எங்கே இருக்கிறது? மூன்றாம் வகுப்பில், ஒரு காலில் நின்றுகொண்டு. மேடையில் இறங்கியவர்களில் பாதிப் பேர் கொழும்பில் வேலைக்குப் போய் லீவில் வரும் பிள்ளைகள். கடைகளிலும் வீடுகளிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள். கையில் ஒரு தலையணை உறையளவு பையும், தம்பி தங்கைக்கு ஒரு கேக் பெட்டியும்.

ஹட்டன் என்ற பெயர் ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். துரைமார் பிறந்த ஊரின் நினைப்பில் வைத்தது. ஊரோ தமிழில் எழுந்து தமிழில் படுக்கிறது. நிலையத்தை விட்டு மேலேறினால் ஒடுங்கிய தெருவின் இரண்டு பக்கமும் கடை. நகைக்கடை, புடவைக்கடை, மாலு பாண் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, கம்பளிக் குல்லாத் தொங்கவிட்ட நடைபாதை. மாணிக்கப் பிள்ளையார் கோயில் மணி கேட்கிறது. சற்று நேரத்தில் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு. காக்கா பாங்கு வந்த திசையைக் கேட்டுப் போய்த் தொழுதுவிட்டு வந்தார். திரும்பியபோது முகத்தில் புதுத் தெம்பு.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடை நடத்தும் பெண்ணுக்கு ஐம்பது இருக்கும்.

“வாங்கண்ணே, உக்காருங்க. எங்கிருந்து வர்றீங்க?”

“திருகோணமலை. தோப்பூர் எண்டு ஒரு ஊர், தங்கச்சி.”

“அம்மாடி, அம்புட்டுத் தூரமா! சிவனொளிபாதமலைக்கா?”

“எங்கட ஆக்கள் பாவா ஆதம் மலை எண்டு சொல்லுற. எனக்கு அதுல ஏறுற முழங்கால் இல்ல. தண்ணி பாக்க வந்தன்.”

அவள் சிரித்தாள். பிறகு புரிந்துகொண்டதும் சிரிப்பை நிறுத்தி, கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் திக்கோயா. அங்கே விழும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், களனி ஆறாகிக் கொழும்புக்கு இறங்குகிறது. இந்தப் பக்கம் கொட்டகலை, தலவாக்கலை. அங்கே விழும் மழை கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகி, எங்கள் குடாவுக்கு வருகிறது. ஒரே முகில் ஒரு மேட்டில் நின்று இரண்டு கடலுக்குத் தண்ணீர் பிரிக்கிறது. ஹட்டனில் நிற்கிறவன் நாட்டின் முகட்டில் நிற்கிறான். வீட்டு முகட்டில் விழும் துளி இரண்டு தாழ்வாரத்துக்கும் போவதுபோல என்று காக்கா சொன்னார். அதைவிடச் சரியாக நான் சொல்லமாட்டேன்.

பின்னேரம் மழை பிடித்தது. நல்ல மழை. நனைந்துகொண்டே சிங்கமலைப் பக்கம் நடந்தோம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் அந்த மலையைத் துளைத்துப் போகும் சுரங்கம் இலங்கைத் தண்டவாளத்தில் மிக நீளமானது, 560 மீற்றருக்கு மேல். தேயிலைச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு சுற்றி, மழைக்குத் தலையில் பொலித்தீன் போட்டு நின்றார்கள். கொழுந்து மடுவத்தில்தான் நிறை போடுவார்கள். அதுவரை முதுகில் சுமக்கவேண்டும். கூடை மாறிப் பை வந்திருக்கிறது, தப்படித்துப் பெரட்டுக்கு (காலைக் கணக்கெடுப்புக்கு) கூப்பிட்ட காலம் போய்விட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா மட்டும் பல தோட்டங்களில் அப்படியே நிற்கிறது. நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை 2021இல்தான் நிறைவேறியது. அது நிறைவேறி அடுத்த வருடமே நாட்டின் பொருளாதாரம் சரிந்து அந்த ஆயிரத்தின் பெறுமதி பாதியானது.

இரவு அறையில் காக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. தேநீர்க் கடைக்காரப் பெண் பின்னேரம் சொன்ன கதை அவரை விடவில்லை. அவளுடைய சின்னம்மா குடும்பம் இந்த மேடையில் ரயில் ஏறி இந்தியாவுக்குப் போனது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, தலைமுறையாக இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரே கையெழுத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்தது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இன்னும் பல நிலையங்களிலும் பெட்டி படுக்கையோடு ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். வழியனுப்ப வந்தவர்களும் ஏறினவர்களும் ஒன்றாகக் கதறியதால் அதற்கு அழுகைக் கோச்சி என்று பெயர் விழுந்தது. போனவர்களில் பலர் நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்குள்ளேயே போய் விழுந்தார்கள். 1984இல் கப்பல் நின்றது.

“நாங்க ஒருக்கா ஓடினம், திரும்பி வந்தம்” என்றார் காக்கா இருட்டில். “இவங்க ஒருக்கா ஏறினா ஏறினதுதான்.”

மலைநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. தலவாக்கலையை அண்டி டெவன் அருவியும் சென் கிளேயர் அருவியும் தெரியும் வளைவுகளில் யாருக்கும் மூச்சு நிற்கத்தான் செய்யும். ஆனாலும் அந்தச் சென் கிளேயரின் தண்ணீர் 2012இலிருந்து மேல் கொத்மலை மின் நிலையத்துக்காகச் சுரங்கத்தில் திருப்பப்படுகிறது என்பதையும், அந்த மின்சாரம் தோப்பூர் வரை எரிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் காட்சி முழுமையாகும். மடக்கொம்பரையில் பிறந்து, தேயிலைத் தோட்ட மக்களை எழுத்தில் நிறுத்திய சி.வி. வேலுப்பிள்ளையின் ஊர் வட்டகொடை நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பட்டிப்பொலையில் நாட்டின் ஆக உயரமான நிலையம். அதற்கப்பால் ஒரு சுரங்கத்தைத் தாண்டினால் மழையும் வெயிலும் மாறிப்போகும் ஊவா. மறுநாள் இவ்வளவையும் பார்த்துக்கொண்டே பதுளைக்குப் போனோம். அழகுதான். எனக்கு மனதில் நின்றது இறங்கித் தங்கிய ஹட்டன்தான். நீண்ட ரயில் பயணத்தில் நடுவே ஓர் ஊரில் இறங்கி, இரவு அங்கே சாப்பிட்டு, காலையில் அந்த ஊர்ச் சனத்தோடு மேடையில் நின்று அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் அந்த ஊரோடு ஒரு பேச்சு வந்துவிடுகிறது. காக்கா புறப்படுமுன் தேநீர்க் கடைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டார். தொலைபேசி எண்ணைத் தன் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டார்.

அதே வருடம் நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை மலையாக மண் சரிந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைநாட்டு ரயில் பாதை பல இடத்தில் அறுந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மலையில் கொட்டிய தண்ணீர் மகாவலி வழியே இறங்கியது. வெருகலும் சேருவிலையும் மூதூர்ப் பக்கமும் வெள்ளத்தில் மூழ்கின, மாவிலாற்றுக் கட்டு உடைந்தது.

தண்ணீர் எங்கள் பக்கம் வருமுன்னே காக்காவுக்கு ஹட்டனிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. “அண்ணே, இங்க ரெண்டு நாளா மழை விடல. இப்படி ஒரு மழைய நான் பார்த்ததே இல்ல. உங்க பக்கந்தானே வரும், பாத்துக்குங்க” என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அவர் வீட்டிலிருந்த சிறுபோகத்து நெல் மூட்டைகளை உயர்த்தி அடுக்கினார். மாடுகளை மேட்டுக்கு ஓட்டினார். வாய்க்கால் கரை வீடுகளுக்குப் போய்ச் சொன்னார். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. வயலில் விதைத்த பெரும்போகம் போனது போனதுதான். வீட்டில் இருந்தவை தப்பின.

பிறகு மலைநாட்டுத் தொடர்புகள் அறுந்தன. அவர் காலையும் மாலையும் அந்த எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தார். லைன் கிடைத்தபோது அவளுடைய லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். காக்கா கொப்பியைத் திறந்து, எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, அரிசி எவ்வளவு, போர்வை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ரயில் பாதை இல்லாததால் லொறியில்தான் அனுப்பவேண்டும். எந்த வீதி திறந்திருக்கிறது என்று விசாரித்துச் சொல்வதாக அவள் சொன்னாள்.